கரையில் நின்று கேட்கிற கேள்விகள்: போன், ஜி.பி.எஸ்., விரல் ரேகை பற்றி என் மனதில் இருப்பது

ராமநாதபுரம் மாவட்டம், மண்டபம் ஊர்ப் பக்கம் சாலையோரத்தில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். செராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், ரீசார்ஜ், ரயில் டிக்கெட், இதுதான் வேலை. பிறந்தது பாம்பன் தீவில். அப்பா நாட்டுப்படகில் தொழில் செய்தவர், அண்ணன் இன்றைக்கும் போகிறான். கடைக்கு வருகிறவர்கள் வேலை முடிந்த பிறகும் நின்று பேசுவார்கள். பெரும்பாலும் பேச்சு, இந்தப் போனும் மெஷினும் நம்மை எங்கே கொண்டுபோகிறது என்பதில் வந்து நிற்கும். திரும்பத் திரும்ப அதே கேள்விகள்தான். கூட்டமாக இருக்கும் நேரத்தில் பாதி பதில்தான் சொல்ல முடிகிறது, அதனால் முழுசாக எழுதிவிட்டேன். எல்லாம் என் சொந்தக் கருத்து. மாற்றுக் கருத்து இருக்கிறவர்கள் கடைக்கு வந்து சொல்லுங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

இந்தத் தொழில்நுட்பமெல்லாம் நம்ம ஊருக்கு நல்லதா, கெட்டதா?

பொருளை மட்டும் பார்த்து என்னால் சொல்ல முடியாது. 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்தார்கள். சாலைப் பாலம் 1988-ல்தான் வந்தது. நடுவில் இருந்த அத்தனை வருடமும் தீவை விட்டு வெளியே வர ரயில், இல்லையென்றால் படகு. பிரசவ வலி வந்தால்கூட ரயில் நேரத்தைப் பார்க்க வேண்டியிருந்தது என்று அம்மா சொல்லுவாள். அவளிடம் போய்ப் பாலம் நல்லதா கெட்டதா என்று கேட்டால், என்ன கேள்வி இது என்று முகத்தைப் பார்ப்பாள்.

நான் ஒன்று மட்டும் பார்ப்பேன். ஒரு பொருள் ஊருக்குள் வந்தால், அது வேலை செய்கிற நாளில் யாருக்கு லாபம் என்று எல்லோரும் பேசுவார்கள். அது வேலை செய்யாத நாளில் யார் மாட்டிக்கொள்கிறார்கள்? அந்த ஆளுக்கு வேறு வழி வைத்திருக்கிறார்களா? வைத்திருந்தால் அந்தப் பொருள் வரட்டும் என்பேன். கீழே இருக்கிற பதில்களில் பாதி இதைச் சுற்றித்தான் வரும்.

ஜி.பி.எஸ். வந்த பிறகு பழைய ஆட்களின் கடல் அறிவு செத்துப்போச்சா?

பாதி போய்விட்டது. எனக்கு அதில் நிஜமான வருத்தம் இருக்கிறது.

அப்பா காலத்தில் கடலில் ஓர் இடத்தைக் கரையை வைத்துத்தான் பிடிப்பார்கள். கோயில் கோபுரமும் அதற்கு முன்னால் கரையில் நிற்கிற ஒரு பனங்கூட்டமும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தால் அது ஒரு கோடு. இன்னொரு பக்கம் கலங்கரை விளக்கமும் ஒரு மேடும் நேராக வந்தால் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் கீழே பார், அதாவது கடலடிப் பாறை, இருக்கிறது, அங்கே தூண்டில் போட்டால் மீன். ஈயக் குண்டைக் கயிற்றில் இறக்கி ஆழம் பார்ப்பார்கள், குண்டின் அடியில் ஒட்டி வருவது சேறா மணலா என்று பார்ப்பார்கள். இரவு என்றால் வானத்தில் ஆறாமீன், விடிவெள்ளியைப் பார்ப்பார்கள். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கயிற்றைப் பிடித்த கையிலேயே தெரிந்துவிடும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. பத்து வயதிலிருந்து கூடப் போய்ப் போய் வந்தது.

அதே அப்பா, 1995 வாக்கில் ராமேசுவரத்தில் தொலைக்காட்சிக் கோபுரம் எழும்பியபோது யாரும் சொல்லாமலே அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார். 323 மீட்டர், இந்தியாவிலேயே உயரமான கோபுரம், வெகு தூரத்திலிருந்து தெரியும். படம் ஒளிபரப்பக் கட்டியதை நம் ஆட்கள் கரை அடையாளமாக மாற்றிக்கொண்டார்கள். அதனால் பழைய ஆட்கள் புதுசை வெறுத்தார்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஜி.பி.எஸ். விஷயத்தில் என்ன ஆனது என்றால், அந்தப் பாரை ஒரு எண்ணாகப் பதிந்துவிட்டார்கள். பதிந்தது தப்பில்லை. பனி மூடிய காலையில் கரையே தெரியாதபோது அந்த எண்தான் அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறது, இரண்டு தடவை. அதை மறக்க மாட்டேன். ஆனால் இப்போது படகுக்குப் புதிதாக வருகிற பையனுக்கு எண் தெரிகிறது, கோடு தெரியவில்லை. பேட்டரி தீர்ந்தால், கருவிக்குள் தண்ணீர் போனால், அவன் கையில் ஒன்றுமே மிஞ்சாது. அண்ணனிடம் நான் சொல்வது ஒன்றுதான்: கூட வருகிற பையனுக்கு எண்ணைக் காட்டும்போது தலையைத் தூக்கிக் கரையையும் காட்டு. ஒரு நிமிஷ வேலை. செய்கிறான், எல்லா நாளும் இல்லை.

கருவியில் எல்லைக்கோடு தெரியுதே, பிறகு ஏன் தாண்டிப் போகிறார்கள்?

இதை வெளியூர்க்காரர்கள்தான் கேட்பார்கள், கொஞ்சம் குத்தலாகவே கேட்பார்கள்.

தனுஷ்கோடியிலிருந்து இலங்கையின் தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். 1974, 1976 ஒப்பந்தங்களில் இரண்டு நாட்டுக்கும் நடுவே கடலில் கோடு போட்டார்கள், கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது. வலையை விட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் நீவாடு படகையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். எஞ்சின் நின்றுவிட்டால் கேட்கவே வேண்டாம், கருவி பீப் பீப் என்று கத்தும், படகு அது பாட்டுக்குப் போகும். இப்படித் தாண்டுகிறவர்கள் நிறையப் பேர்.

தெரிந்தே போகிறவர்களும் இருக்கிறார்கள், அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. இந்தப் பக்கம் மீன் குறைந்துவிட்டது. அந்தப் பக்கம் மன்னார், யாழ்ப்பாணம் மீனவர்களும் நம்மைப் போலத் தமிழ் பேசுகிறவர்கள்தான், உள்நாட்டுப் போர் முடிந்து இப்போதுதான் தலையெடுக்கிறார்கள், அவர்கள் வலையை நம் இழுவைப்படகுகள் அறுத்துக்கொண்டு போவதும் நடக்கிறது. நம் ஆட்கள் சிறைக்குப் போவதும் படகை இழப்பதும் எவ்வளவு வேதனையோ, அவர்களுக்கு அந்த வலையும் அவ்வளவு வேதனை. இரண்டு கரைக்காரர்களும் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டிய காரியம் இது. திரையில் கோடு எவ்வளவு துல்லியமாக விழுந்தாலும் அந்தப் பேச்சுக்கு அது ஈடாகாது.

நம் கரையை அதிகமாக மாற்றிய தொழில்நுட்பம் எது? போன்தானே?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் இழுவைமடி, எஞ்சின் படகு இழுத்துக்கொண்டு போகிற வலை.

1952-ல் கேரளத்தில் நார்வே நாட்டோடு சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கினார்கள், அதன் வழியாகத்தான் எஞ்சின் படகும் இழுவைமடியும் பரவத் தொடங்கின. பிறகு நம் பக்கமும் வந்தது. அந்த மடி கடலின் அடியைத் தடவிக்கொண்டே போகும். இறாலுக்காகப் போட்டால் குஞ்சு மீன், நண்டுக்குஞ்சு, கடல்தாழை எல்லாம் ஏறிவரும். விற்க முடியாததைச் சங்காயம் என்று ஒதுக்கிக் கோழித்தீவனத்துக்கும் மீன் மாவுக்கும் அனுப்புவார்கள். சங்காயக் குவியலைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், அதில் பாதி வளர்ந்திருந்தால் நல்ல விலைக்குப் போகிற மீன். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல், அதில் இத்தனை மடி இத்தனை வருடம் உழுதால் என்ன மிஞ்சும்?

முதலாளி வீட்டில் பணம் வந்தது, ஐஸ் ஆலை வந்தது, வேலை வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். என் சொந்தக்காரர்களே விசைப்படகில் கூலிக்குப் போய்ப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். 2017-ல் இழுவைப்படகுகளை விட்டுவிட்டு ஆழ்கடல் சூரை மீன் பிடிக்கப் போங்கள் என்று, 80 லட்சம் ரூபாய் படகுக்கு 70 சதவீதம் மானியம் அறிவித்தார்கள். நோக்கம் சரி. ஆனால் சாயங்காலம் போய்க் காலையில் கரை சேர்ந்து பழகிய ஆளை, வாரக் கணக்கில் நடுக்கடலில் நிற்கிற வேறு தொழிலுக்கு மாறு என்றால் படகு மட்டும் கொடுத்தால் எப்படிப் போதும்? கற்றுக்கொடுக்க ஆளும், பிடித்ததை வாங்க வியாபாரியும், முதல் இரண்டு வருட நஷ்டத்தைத் தாங்க ஒரு வழியும் வேண்டும். புதுக் கருவி கொண்டுவருகிறவர்கள் எப்போதும் மறப்பது இதைத்தான்.

புயல் வந்தால் போனில் செய்தி வந்துவிடுகிறதே, இனி 1964 மாதிரி நடக்காதுதானே?

1964 டிசம்பர் 22 இரவு. இந்தக் கரையில் பிறந்த யாருக்கும் அந்தத் தேதியைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தனுஷ்கோடியே போனது, பாம்பனிலிருந்து போன ரயிலை அலை அடித்துக்கொண்டு போனது, அதில் இருந்தவர்களே நூறு பேருக்கு மேல். கம்பிகள் எல்லாம் அறுந்து, நடந்தது வெளியே தெரியவே நேரம் ஆனது.

இப்போது வானிலைத் துறை பல நாள் முன்பே சொல்கிறது, ஹைதராபாத்தில் இருக்கிற கடல் தகவல் மையம் அலை உயரத்தைச் சொல்கிறது, பாம்பனில் 2016-ல் தொடங்கிய கடல் ஓசை சமுதாய வானொலி நம் பேச்சிலேயே சொல்கிறது. இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று இளைய பிள்ளைகளுக்குப் புரியாது. எனக்கு இதில் முழு நன்றி உண்டு.

ஆனால் 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்ததே, கன்னியாகுமரிப் பக்கமும் கேரளத்திலும் அத்தனை பேர் போனார்களே, ஏன்? எச்சரிக்கை வரும்போது அவர்கள் ஏற்கெனவே பல நாள் தூரத்தில் இருந்தார்கள். போன் சிக்னல் கரையைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான். செய்தி கரையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கிடைத்தது, கடலில் இருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பவும் வாங்கவும் முடிகிற கருவியை இஸ்ரோ செய்து, ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024-ல் தொடங்கியது. நல்ல காரியம். மாட்டிய கருவியை அணைத்து வைக்காதீர்கள் என்று படகுக்காரர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். நாம் எங்கே போகிறோம் என்று பார்க்கத்தான் இதை வைக்கிறார்கள் என்ற பயம் எனக்கும் புரிகிறது, அதை அதிகாரிகள் வெளிப்படையாகப் பேசித் தீர்க்க வேண்டும். ஆனாலும் அணைக்காதீர்கள்.

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள், ஒன்று, இரண்டு, மூன்று என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள். அந்த வரிசையில் கடைசி எண் 11. அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். தொடர்பு போய்விட்டால் அதைச் சொல்லவும் ஓர் அடையாளம் வேண்டும் என்று என்றைக்கோ ஒருவர் யோசித்து வைத்திருக்கிறார். முதன்முதலில் இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் போனில் அப்படி ஒன்று இல்லை. செய்தி வரவில்லை என்றால், ஆபத்து இல்லை என்றுதான் நாம் எடுத்துக்கொள்கிறோம்.

வாட்ஸாப்பில் சுனாமி வருதுன்னு ஆடியோ வந்திருக்கு, நம்பலாமா?

அனுப்பியவருக்கு யார் சொன்னது என்று ஒரே ஒரு போன் போட்டுக் கேளுங்கள். இரண்டாவது ஆளிடமே அது நின்றுவிடும். உண்மையான எச்சரிக்கையில் தேதி, நேரம், எந்தக் கடல் பகுதி, எவ்வளவு அலை உயரம் என்று இருக்கும், அழுகிற குரலில் இருக்காது. சந்தேகமாக இருந்தால் மீன்வளத் துறை அலுவலகத்தைக் கேளுங்கள்.

ரேஷன் கடையில் விரல் ரேகை விழமாட்டேங்குது, என்ன செய்ய?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது சிலர் கையை என் மேசைமேல் விரித்தே காட்டுவார்கள். "இதைப் பாருத்தா" என்று ஓர் அம்மா காட்டிய கை இன்னும் கண்ணில் நிற்கிறது, பத்து விரலிலும் ரேகையே இல்லை, வழுவழுவென்று இருந்தது.

நம் பெண்கள் மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிப் பாசி எடுக்கப் போகிறவர்கள். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மூழ்கிப் பாறையிலும் பவளத்திலும் ஒட்டியிருப்பதைக் கையால் பிய்த்து எடுப்பார்கள். விரலுக்குக் கிழிந்த துணியைச் சுற்றிக்கொள்வார்கள், அவ்வளவுதான் பாதுகாப்பு. முப்பது நாற்பது வருடம் அப்படிச் செய்தால் ரேகை எங்கே இருக்கும்? மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து எடுக்கிற அகார் என்ற கூழ்ப்பொருள் பரிசோதனைக் கூடத்துக்கும் இனிப்புக்கும் போகிறது. எடுத்தவளின் விரலை மெஷின் மனிதர் விரலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கருவாடு போடுகிறவர்கள், உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள், எல்லோருக்கும் இதே கதை.

2020 கடைசியில் நம் ரேஷன் கடைகளுக்கு விரல் ரேகை மெஷின் வந்தது. போலி அட்டையில் பொருள் கடத்துவதைத் தடுக்க என்றார்கள், தடுக்கத்தான் வேண்டும், எனக்கு மறுப்பில்லை. என் கோபம் எங்கே என்றால், விரல் பதியாதவரை வரிசையில் எல்லோர் முன்னாலும் நான்கு தடவை ஐந்து தடவை அழுத்தச் சொல்லி, பிறகு நாளைக்கு வா என்று அனுப்புவதில்தான். அந்த நாளைக்கு என்பது அவளுக்கு ஒரு நாள் பாசி, ஒரு நாள் கூலி. திருடன் பட்டியலில் வைத்த மாதிரி அவள் தலையைக் குனிந்துகொண்டு திரும்புவதை நானே பார்த்திருக்கிறேன். அவள் செய்த தப்பு, உழைத்தது மட்டும்தான்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். விரல் பதியவில்லை என்ற காரணத்துக்காக அரிசி மறுக்கக்கூடாது என்று விதியே இருக்கிறது, அதைத் தைரியமாகச் சொல்லுங்கள். போனுக்கு ஓ.டி.பி. அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு அட்டையில் இருக்கிற எண் உங்கள் கையில் இருக்கிற போனுடைய எண்ணாக இருக்க வேண்டும். இங்கே பல வீடுகளில் அந்த எண் கணவன் போனில் இருக்கிறது, அவர் கடலில் இருக்கிறார், ஓ.டி.பி. நடுக்கடலுக்குப் போய்ச் சேராது. இந்த மாதமே எண்ணை மாற்றிவிடுங்கள். வயதானவர்கள், நடக்க முடியாதவர்கள் தங்களுக்குப் பதிலாக ஒருவரை எழுதிக்கொடுக்கலாம், அதற்குப் படிவம் இருக்கிறது. ஆதாரில் கண் கருவிழியும் பதிந்திருக்கும், கருவிழி பார்க்கிற கருவி உங்கள் கடையில் இருந்தால் அதைக் கேளுங்கள். எதுவும் நடக்கவில்லை என்றால் தேதி, நேரம் போட்டு ஒரு தாளில் மனு எழுதி வட்ட வழங்கல் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். மனு எழுத என்னிடம் வாருங்கள், அதற்கு நான் காசு வாங்குவதில்லை.

மீன் விற்கிற அக்காமாரெல்லாம் க்யூஆர் அட்டை வைத்திருக்கிறார்களே, நல்லதுதானே?

2016-ல் யு.பி.ஐ. வந்தபோது இது கூடைக்காரர்கள்வரை வரும் என்று நான் நினைக்கவில்லை. வந்துவிட்டது. சில்லறைத் தகராறு போனது, கூடைக்குள் பணத்தை ஒளித்துக்கொண்டு பேருந்தில் வருகிற பயம் போனது. நல்லதுதான்.

ஆனால் ஒன்றைக் கேளுங்கள், அந்தக் க்யூஆர் யார் பெயரில் இருக்கிறது? நான் பார்த்த பல அட்டைகள் மகன் பெயரில், மருமகன் பெயரில். அம்மாவுக்குப் போன் ஓட்டத் தெரியாது என்று அவன் கணக்கில் இணைத்துக் கொடுத்திருப்பான். காலை நான்கு மணிக்கு ஏலத்துக்குப் போய் மீன் எடுத்து, வெயிலில் தெருத் தெருவாக விற்று, சாயங்காலம் தன் காசைத் தானே மகனிடம் கேட்டு வாங்க வேண்டும். முன்பு முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள், அதை எப்போது அவிழ்ப்பது என்று அவளே முடிவு செய்தாள். அதனால் கடைக்கு க்யூஆர் கேட்டு வருகிற பெண்களிடம் நான் முதலில் பாஸ்புக்கைக் கொண்டுவரச் சொல்கிறேன். உங்கள் பெயரில் கணக்கு, உங்கள் பெயரில் சிம், பிறகு அட்டை. கொஞ்சம் அலைச்சல்தான், ஆனால் விடாதீர்கள்.

பணம் வந்துவிட்டது என்று போனைக் காட்டினால் நம்பாதீர்கள், பச்சை டிக் போட்ட படத்தைக் காட்டி மீன் வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்கிற பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பணம் வருவதற்கு நீங்கள் ரகசிய எண் போடவே வேண்டாம், யாராவது போடச் சொன்னால் அவர் உங்கள் பணத்தை எடுக்கிறார் என்று அர்த்தம். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அடியுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

அரபு நாட்டில் இருக்கிறவர்களோடு தினமும் வீடியோவில் பேசுகிறோம். இது குடும்பத்துக்கு நல்லதுதானே?

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கத்திலிருந்து கடைக்கு வருகிற பெண்கள் கேட்பது. எமிரேட்ஸில் வாட்ஸாப் அழைப்பு வேலை செய்யாது என்பதால் போட்டிம் மாதிரி வேறு செயலி போட்டுத் தரச் சொல்வார்கள். முந்தைய தலைமுறையில் கேசட்டில் பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்பினார்கள். பெரியவர் ஒருவர் அப்படி வந்த கேசட்டை இன்னும் வைத்திருக்கிறார், டேப் அறுந்துவிட்டது, ஏதாவது செய்து கேட்க முடியுமா என்று கொண்டுவந்தார். இறந்துபோன மகனுடைய குரல் அதில் இருக்கிறது. ஒட்டிக் கொடுத்தேன், கேட்டார்.

தினமும் முகம் பார்ப்பது பெரிய ஆறுதல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அப்பன் அங்கேயிருந்தே நெற்றியைப் பார்க்கிறான். ஆனால் கடிதக் காலத்தில் கோபத்தில் எழுதிய வரி போய்ச் சேருவதற்குள் எழுதியவருக்கே கோபம் ஆறியிருக்கும். இப்போது அந்த நேரம் கிடைப்பதில்லை. அப்புறம், சில ஆண்கள் இதை வைத்துக் காவல் காக்கிறார்கள். எங்கே இருக்கிறாய், கேமராவைத் திருப்பு, பக்கத்தில் யார் என்று. அழைப்பை எடுக்க ஐந்து நிமிடம் தாமதமானால் விசாரணை. என்னிடம் ஒரு தங்கச்சி வந்து, போன் ரிப்பேர் என்று ஒரு வாரம் சொல்லிக்கொள்ளலாமா என்று கேட்டாள். பாசத்தின் பெயரில் இதைச் செய்கிற தம்பிகள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து நிறுத்துங்கள். அவள் உங்கள் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனியாகச் சுமக்கிறவள்.

பிள்ளைகள் கையிலிருந்து போனை வாங்க முடியவில்லையே?

2020-ல் பள்ளிக்கூடத்தை மூடியபோது நாமே கையில் கொடுத்தோம். வீட்டுக்கு ஒரு போன், மூன்று பிள்ளைகள், சிக்னலுக்காக மொட்டை மாடியும் மணல் மேடும் ஏறினார்கள். பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

எனக்குப் பயம் எங்கே என்றால், பணம் கட்டி ஆடுகிற ஆட்டங்களில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுப் பையன்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள், அந்த நேரத்தில்தான் பிடிக்கிறது. தமிழ்நாட்டில் 2022-ல் சட்டம் வந்தது, 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. நல்லது. ஆனாலும் வேறு பெயரில், வேறு வழியில் லிங்க் வந்துகொண்டுதான் இருக்கும். ஆடிக் கடன்பட்டு, அதை அடைக்கக் கடன் செயலியில் வாங்கி, அவர்கள் போனில் இருக்கிற எல்லா எண்ணுக்கும் அசிங்கமாகச் செய்தி அனுப்பிய பிறகுதான் வீட்டுக்குத் தெரிகிறது. பெற்றோரே, அந்த நேரத்தில் அடிக்காதீர்கள், திட்டாதீர்கள். முதலில் சாப்பாடு போட்டுப் பக்கத்தில் உட்காருங்கள், பிறகு 1930, பிறகு போலீஸ். கடன் என்ன, வலை வாங்கின கடனை அடைக்கவில்லையா நாம்.

தனுஷ்கோடிக்கு வருகிறவர்கள் எல்லோரும் வீடியோ எடுக்கிறார்களே, ஊருக்கு வருமானம்தானே?

2017-ல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு கூட்டம் வருகிறது, சங்குக் கடை, மீன் வறுவல் கடை நடக்கிறது, அது வருமானம்தான். ஆனால் இடிந்த தேவாலயத்தின் முன் பேய் ஊர் என்று தலைப்பு வைத்துப் பேசுகிறார்கள். அங்கே இன்னும் கீற்றுக் கொட்டகையில் மனிதர்கள் வாழ்கிறார்கள், ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கிறார்கள், பிள்ளைகள் படிக்கிறார்கள். கேட்காமல் வீட்டுக்குள் கேமராவை நீட்டாதீர்கள். மூக்கையூர்ப் பக்கம் மீனவர்களே தங்கள் தொழிலைப் படம் பிடித்துப் போடுகிறார்கள், வலை எப்படி, காற்று எப்படி என்று அவர்கள் வாயாலேயே சொல்கிறார்கள். அதைப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

இந்த ஏ.ஐ. நம்மளுக்கு ஏதாவது உதவுமா?

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு உதவும் என்று நம்புகிறேன். போனில் தமிழில் பேசினால் எழுத்தாக வருகிறது, வந்த கடிதத்தைப் படம் எடுத்தால் வாசித்துச் சொல்கிறது. வங்கியிலிருந்து தாள் வந்தால் பக்கத்து வீட்டுப் பையனிடம் நீட்டி, குடும்பத்துக் கடன் எவ்வளவு என்று ஊருக்கே தெரியவிட்ட பெண்களுக்கு இது பெரிய விஷயம். ஆனால் மருந்து, பணம், வழக்கு இந்த மூன்றிலும் அது சொன்னதோடு நிற்காதீர்கள், ஓர் ஆளைக் கேளுங்கள். நம் கரைப் பேச்சும் அதற்குச் சரியாகப் பிடிபடுவதில்லை. காற்றுக்குச் சொல்கிற வாடை, கச்சான், அப்புறம் நீவாடு என்று அண்ணன் பேசியதை அது வேறு என்னென்னவோ ஆக எழுதிக் காட்டியது. நம் ஆட்கள் பேசிப் பதிந்து வைத்தால்தான் அது கற்றுக்கொள்ளும், இல்லையென்றால் ரேகை மெஷின் கதைதான் இங்கேயும்.

கடலுக்குப் போகும்போது போனை எப்படி வைத்துக்கொள்வது?

தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள், சட்டைப்பையில் வேண்டாம். கிளம்பும் முன் முழுசாகச் சார்ஜ் ஏற்றி, சிக்னல் போகிற தூரத்துக்குப் பிறகு பாட்டுப் போடாதீர்கள், திரும்பும் வழியில் அந்தச் சார்ஜ் வேண்டும். ஜி.பி.எஸ். கருவிக்கு மாற்று பேட்டரி தனி டப்பாவில். தனுஷ்கோடிப் பக்கம் இலங்கை சிக்னல் பிடித்துக்கொள்ளும், வெளிநாட்டுச் சிக்னலை எடுக்காதபடி ரோமிங்கை அணைத்து வையுங்கள், இல்லையென்றால் காசு போகும்.

கடலோரக் காவல் படை 1554. கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. இரண்டையும் போனில் பதிந்து வைத்திருப்பீர்கள். போன் தண்ணீரில் விழுந்தால், பக்கத்துப் படகுக்காரரின் போனை வாங்கி அடிக்க எண் ஞாபகம் இருக்குமா? அண்ணன் படகின் உள்பக்கப் பலகையில் அந்த இரண்டு எண்ணையும், வீட்டு எண்ணையும், என் எண்ணையும் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறோம். வருடா வருடம் தடைக்காலத்தில் விசைப்படகுகளுக்கு வர்ணம் அடிக்கும்போது மிஞ்சுகிற பெயின்டை வாங்கி, அதன்மேல் மறுபடி ஒரு தடவை எழுதுவேன்.